பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பார்க்கப் போனது

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பழைய பஸ் ஒன்று வாங்குவது என்று முடிவானபோது, பார்த்து வர இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவர் டிரைவர். இன்னொருவன் நான். அவருடைய தகுதி, இருபத்தைந்து வருஷம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியது. என்னுடைய தகுதி, டீசல் எஞ்சினைப் பற்றி ஒரு புத்தகம் படித்தது. எனக்குச் சைக்கிளே நேராகப் போகாது. ஆனால் கொடைக்கானல் மிஷன் பள்ளிகளில் அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது: ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவனுக்கு மற்றதெல்லாம் தானாகத் தெரியும் என்று. அந்த நம்பிக்கையை நான் ஒருபோதும் கெடுத்ததில்லை.

எழுபதுகளின் கடைசி அது. பள்ளியில் அதுவரை ஒரு வேன்தான். பெருமாள்மலைப் பிள்ளைகளை இரண்டு நடையாக ஏற்றி வரும். இரண்டாம் நடைப் பிள்ளைகள் என் முதல் பாடவேளையைத் தினமும் தவறவிட்டார்கள். அதனால் அவர்கள் ஆங்கிலம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் பஸ் வேண்டும் என்று தாளாளர் பாதர் பிடிவாதமாக இருந்தார்.

டிரைவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். அங்கே தோட்டத்து லாரி ஓட்டியவர். மனைவி, மூன்று பெண்கள். எல்லாரும் பள்ளிக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை வீட்டில் இருந்தார்கள். டிரைவர் வேலையோடு வந்த வீடு அது. அதிகம் பேசமாட்டார். ஏதாவது கேட்டால் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அது ஆழ்ந்த சிந்தனை என்று நினைத்து, ஆசிரியர் அறையில் அவருக்கு ‘தத்துவஞானி’ என்று பெயர் வைத்திருந்தேன். என்னுடைய சொந்தச் சிந்தனையின் ஆழத்தை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெள்ளனே முதல் பஸ் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு இறங்கினோம். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் குளித்து நிற்பது போல இரண்டு பஸ்கள். ஒன்று நீலம், புது வண்ணப்பூச்சு. மற்றொன்று மஞ்சளாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கக்கூடிய நிறம். புரோக்கர் வெள்ளை வேட்டி, வெற்றிலை வாய்.

“வாங்க சார், வாங்க. நீலத்தைப் பாருங்க. கண்ணாலப் பொண்ணு மாதிரி நிக்குது. ஏலே, ஸ்டார்ட் பண்ணு.”

டிரைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மூடியைத் திறந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“ஏற்கனவே ஓடியிருக்குதுங்க. ஆறட்டும்.”

“வெயில் சூடுண்ணே அது.”

“கொட்டகைக்குள்ள ஏதுங்க வெயிலு?”

சூடான எஞ்சின் எல்லாமே ஒரே தட்டில் உயிர்பெற்றுவிடும். ஆறிக் கிடப்பது எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். இது என் புத்தகத்தில் இல்லை. இரண்டு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். புரோக்கருக்கு வேறு சோலி நிறைய இருந்தது. அதை அவர் நாலு தடவை சொன்னார்.

பிறகு நீலத்தை எழுப்பினார்கள். சற்று இருமி, கொஞ்சம் நீலப் புகை விட்டு ஓடியது. எண்ணெய் எரிகிறது என்று நான் சொன்னேன். அது புத்தகத்தில் இருந்தது. டிரைவர் தலையாட்டினார். எனக்கு ஒரே பெருமை. ஆனால் வண்டி ஓடத் தொடங்கியதும் அந்தப் பெருமை என்னைக் கெடுத்தது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அமைதி. நான் கண்ணை மூடிக் கேட்டேன். புகையை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

“சத்தமே இல்ல பாருங்க” என்றேன், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து. பதில் இல்லை. தத்துவஞானி யோசிக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் ஒரு கையைக் கியர்க் கம்பியின் குமிழ் மேல் வைத்தபடி, மறுகையால் ஓட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். ஒரு பர்லாங் போய் நிறுத்திவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் பக்கத்து நட்டு ஒன்றைக் கழற்றி விரலை விட்டு எடுத்தார். எண்ணெயோடு விரலில் பிசுபிசுவென்று மரத்தூள் ஒட்டியிருந்தது.

தேய்ந்த பற்சக்கரம் கத்தாமல் இருக்க மரத்தூள் போடுவார்களாம். நூறு மைல் தாங்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும். புரோக்கர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

“நாங்க போடலண்ணே. வரும்போதே உள்ள கெடந்திருக்கும்.”

மஞ்சள் பஸ்ஸின் கியர் பாக்ஸ் நன்றாகவே முனகியது. எனக்குப் பிடிக்கவில்லை. டிரைவர் அதைக் கன்னிவாடிக்கு அந்தப் பக்கம் மலை ஏறும் பாதைக்கு ஓட்டிப் போகவேண்டும் என்றார். சமதரையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் என்பது அவர் கட்சி. ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்காமல் போனது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்துக்கொண்டார். கியர்க் கம்பி தானாக நழுவி வெளியே குதிக்கவில்லை. வண்டியை எஞ்சினே பிடித்துக்கொண்டது. அப்போது பின்னால் ஒரு லாரி வழி கேட்டு ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. ஊருக்கே கேட்கும்படி அடித்துக்கொண்டே வந்தது. இவர் ஒதுங்கவே இல்லை. நான் எழுந்து தோளைத் தொட்டேன். கண்ணாடியைப் பார்த்து, திடுக்கிட்டு, ஓரம் கட்டினார். லாரிக்காரன் எங்கள் இருவர் குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனான்.

வண்டி நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வாயைப் பார்த்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

“எப்பயிருந்து?” என்றேன்.

“தோட்டத்துலயே ஆரம்பிச்சிட்டுது சேர். லொறி எஞ்சின் காதோரமா இருந்துச்சி, அதான். இப்ப ரொம்பக் கொறஞ்சி போச்சி.”

“ஊசி வளைவுல எதுத்தாப்ல வர்ற ஹாரன்?”

“கேக்காதுங்க. ஒவ்வொரு வளைவுலயும் வண்டி வருதுன்னே வச்சிக்கிட்டுத் திருப்புவேன்.” பிறகு, “பாதருகிட்ட சொல்லிராதீங்க சேர். வீட்டையும் விடணும். மூணும் பொம்பளப் புள்ளைங்க” என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். அவருக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று வாயை அகலத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

மஞ்சள் பஸ்ஸை வாங்கினோம். அது ஒரு வருஷம் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. டிரைவர் தன் இருக்கைக்கு மேலே பெரிய கண்ணாடி ஒன்று மாட்டினார். பிள்ளைகளைக் கவனிக்க என்று பாதர் மெச்சிக்கொண்டார். பிள்ளைகளின் வாயைக் கவனிக்க என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆண்டு விழா முடிந்த மறுநாள் ஆசிரியர்களுக்குத் தேநீர் விருந்து நடக்கும். அதில் நான் வேடிக்கையாகப் பேசுவது வழக்கம். வருஷத்தில் அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காகவே நான் வேலையில் இருந்தேன் என்றும் சொல்லலாம். அந்த முறை பஸ் பார்த்த கதையை எடுத்தேன். வெயில் சூடு, மரத்தூள், வானத்தைப் பார்த்த புரோக்கர் எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். கதை முடியவேண்டிய இடத்தில் முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதில் ஏமாறும் முட்டாள் நான். இரண்டு காதோடு நான் ஏமாந்தேன், காதே கேளாதவர் கண்டுபிடித்தார் என்ற வரி இல்லாமல் கதைக்கு உச்சம் இல்லை. அந்த வரி நாக்கின் நுனியில் வந்து நின்றது. மேடையில் நிற்கிற எவனுக்கும் அந்த இடம் தெரியும். அவரைப் புகழத்தானே சொல்கிறேன் என்று அரைக் கணத்தில் எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சொன்னேன். கூரை பெயர்கிறாற்போலச் சிரித்தார்கள். பாதரும் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார்.

டிரைவர் கதவோரத்தில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைச் சத்தமில்லாமல் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் அவரை மதுரைக்கு ஒரு காது டாக்டரிடம் அனுப்பினார்கள். பாதரிடம் போய், இவரைப் போல் கவனமாக ஓட்டுபவர் மலையிலேயே இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நாற்பது பிள்ளைங்க சார். நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?”

பாதர் செய்தது தப்பு என்று இன்றும் சொல்ல வரவில்லை. நான் செய்தது என்ன என்பதற்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன் தகரக் கூரை வீட்டுக்குப் புது டிரைவர் குடிவந்துவிட்டார். நல்ல காதுகள் உள்ளவர். ரேடியோ வைத்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளைகளைச் சுற்றுலாவாக அதே பஸ்ஸில் பூண்டிக்கு அழைத்துப் போனேன். சாலையோரம் காரட் கழுவுகிறவர்களுக்கு நடுவே அவர் இருந்தார். கை இரண்டும் முழங்கை வரை தண்ணீரில் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். என்னைத் தாண்டி நேராகப் பஸ்ஸுக்குப் போனார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். புது டிரைவர் எஞ்சினை அணைக்காமல் டீ குடிக்கப் போயிருந்தார்.

“பிரேக்கு கருகுன வாடை அடிக்குது. எறக்கத்துல மூணுல வர்றாரு போல. ரெண்டுல வரச் சொல்லுங்க சேர். பிரேக்கு தாங்காது.”

“சொல்றேன். பிள்ளைங்க?”

“மூத்ததைக் கட்டிக் குடுத்தாச்சி. மத்தது ரெண்டும் என்கூட இதே சோலிதான்.” காரட் குவியலைக் காட்டினார். படிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை.

அவர் மறுபடி எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். இரண்டு வருஷமாக எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்ததைச் சொன்னேன். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. முழுவதையும் சொன்னேன். அவர் முகத்துக்கு முன்னால் போய் நிற்க நாலடி போதும். போகவில்லை.

முடித்தபோது என் நிழல் அசைந்திருக்கவேண்டும். திரும்பினார்.

“ஏதாச்சும் சொன்னீங்களா சேர்?”

“குளிருதுன்னேன்.”

“பூண்டில எப்பவும் இப்படித்தாங்க” என்றார். கையை மட்டும் மூடியிலிருந்து எடுக்கவில்லை.