ஊமை அட்டை

எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைத்து அழைக்கும் வழக்கம் நான் ஆசிரியை ஆன பிறகுதான் வந்தது. அதற்கு முன், நைனார்பாளையத்துப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால், அம்மா களை எடுக்கும்போது வரப்பில் நின்று, "வெள்ளிக்கிழம கல்யாணம், வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேலைக்குக் கூப்பிடுகிறார்களா, விருந்துக்குக் கூப்பிடுகிறார்களா என்று அம்மா கேட்டதில்லை. இரண்டுக்கும் போவாள். இப்போது நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொண்டு வருகிறார்கள். உறையின் மேல் என் பெயர், பக்கத்தில் 'ஆசிரியை'. எங்கள் குடும்பத்தில் வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த உறைகளில் ஒன்றைக்கூட நான் தூக்கி எறிந்ததில்லை.

உள்ளே இருந்த பத்திரிகைகளை நான்கு நான்காக வெட்டி, வாசிப்பு அட்டைகள் செய்தேன்.

என் பள்ளி கல்வராயன் மலையில் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறும் பஸ்ஸில் போய், இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் வாரத்தில் பாதி நாள் கூட்டம், பயிற்சி என்று கீழே இருப்பார். அன்றெல்லாம் ஐந்து வகுப்பும் என் தலையில். வாரநாட்களில் அந்த ஊரிலேயே ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை, கதவைத் திறந்தாலும் மலை. சாயங்கால பஸ் போய்விட்டால், விடியும்வரை கீழே இறங்க வழி கிடையாது. இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்கலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வகுப்பை ஒருத்தி சமாளிக்க வேண்டுமென்றால், பொருட்கள்தான் பாதி ஆசிரியர். எண்ணிக்கைக்குக் கடுக்காய். பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பத்துகளைச் சொல்லித்தர, விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகள். எழுதிப் பழக முறத்தில் பரப்பிய மணல். எல்லாவற்றிலும் எனக்குப் பெருமை அந்த அட்டைகள்தான். அறையின் குறுக்கே கொடி கட்டி, துணிக்கு மாட்டும் கிளிப்பால் அறுபது அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தேன். அச்சில்லாத பக்கத்தில்தான் எழுதினேன் என்றாலும் ஓரத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்: தங்கக் கோடு, பாதி வாழைமரம், மூலையில் மஞ்சள். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அட்டையை எடுத்துச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சரிபார்ப்பார்கள். நான் அந்த நேரத்தில் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி, சிக்னல் தேடி, வருகையைப் போனில் பதிவு செய்துகொண்டிருப்பேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அறுபது அட்டையையும் மூச்சு விடாமல் சொல்வாள். பள்ளிகளைப் பார்வையிட வரும் பயிற்றுநர் மேடம் அதைப் பார்த்து அசந்துபோய் வீடியோ எடுத்தார். ஒரே நாளில் மாவட்டத்து ஆசிரியர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அது போய்விட்டது. என் அப்பா தன் போனைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டார். பிள்ளைகளின் வாசிப்பு நிலையைப் பதியும் போன் செயலியில் நானும் அந்தப் பெண்ணை உச்ச நிலைக்கு ஏற்றிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் கற்பித்தல் பொருட்களின் கண்காட்சி நடக்க இருந்தது. அட்டைகளோடு அவளையும் அழைத்து வரச் சொன்னார்கள்.

"அட்டையெல்லாம் அழுக்கேறிக் கெடக்குதும்மா," என்றார் தலைமையாசிரியர். "மாவட்டத்துல வெக்கப்போறோம். வெள்ளையா, புதுசா எழுதிடு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதே அறுபது சொற்களை வெள்ளை அட்டையில் எழுதினேன். திங்கட்கிழமை காலை முதல் அட்டையை அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"படி."

"இதுல மஞ்சளே இல்லியே டீச்சர்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஏதோ தோன்றி, பழைய அட்டை ஒன்றை எடுத்து, எழுத்தை உள்ளங்கையால் முழுக்க மூடி, மூலை மட்டும் தெரியும்படி காட்டினேன்.

"மரம்!" என்றாள்.

இன்னொன்று.

"வண்டி!"

ஏழு அட்டை காட்டினேன். ஏழும் சரி. அவளுக்கு ஒரே சந்தோஷம், புது விளையாட்டு கிடைத்ததுபோல.

"எப்டி கண்டுபுடிக்கிற?"

"மரத்துல ஒரு வெரலு இருக்குது டீச்சர். வண்டில ரெண்டு வெரலு. வூட்ல குங்குமம்."

எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகைகளில் யாரோ மஞ்சள் தடவிய விரல் தடங்களை அவள் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். பலருக்குப் பாதி எழுத்து, பாதி மஞ்சள். இவளுக்கு மட்டும் முழுக்க மஞ்சள். ஓர் எழுத்துகூடத் தெரியாது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான் இது. என் அம்மா அப்படித்தான் வாசிப்பாள். சிவப்புப் பட்டை மாத்திரை காலைக்கு, நீலப் பட்டை ராத்திரிக்கு. ஒருமுறை மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். பட்டை வெள்ளையாக இருந்ததால், 'இது நம்முளுது இல்ல' என்று ஒரு மாதம் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று அவளை எப்படித் திட்டினேன்! அதே வாசிப்பை ஒரு வருடமாக நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மதியம் தலைமையாசிரியரிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியல."

"எந்தப் பொண்ணு?"

"வீடியோல படிக்குதே, அது."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா சொல்ற?"

"எழுத்து தெரியாது சார். அட்டைய பாத்து சொல்லுது."

"அட்டைய பாத்துத்தான சொல்லணும்? பின்ன மானத்த பாத்தா சொல்லும்?"

விளக்கிச் சொன்னேன். மிச்ச டீயைக் குடித்து முடித்தார். கெட்ட மனிதர் இல்லை. மலையிலேயே முடி நரைத்தவர், அவர் பள்ளியை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

"பழைய அட்டையையே எடுத்துக்கினு வா. பத்து நிமிஷம். வந்தப்புறம் நீ அ, ஆவுல இருந்துகூட ஆரம்பிச்சுக்க. யாரு கேக்கப்போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அதான் பயமா இருக்குது."

செயலியில் அவளைக் கீழே இறக்கப் பார்த்தேன். பாறைமேல் நின்று எத்தனையோ தடவை அழுத்தினேன். ஏற்றத்தான் வழி இருந்தது, இறக்க வழியில்லை. பதிவில் அவள் நன்றாக வாசிக்கிற பெண். இனி எந்த ஆசிரியரும் அவளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லித்தரப் போவதில்லை. என் பெயர் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் நானும் சொல்லித்தரக் கூடாது, தெரியும் என்றே நடந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. கொடியிலிருந்து பழைய அட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு அவளை மட்டும் முறத்து மணலில் எழுதவைத்தேன். ப, ட, ம். வெள்ளை அட்டையை நீட்டினால் தள்ளிவிட்டாள்.

"இது ஊமை அட்டை டீச்சர். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதக் குடு."

"அது கெடையாது."

"நான் நல்லாத்தான படிச்சிக்கினு இருந்தேன்?"

முறத்து மணலை மறுபடி பரப்பிவிட்டேன். புதன்கிழமை அவள் பள்ளிக்கே வரவில்லை. வியாழக்கிழமை போய்க் கூட்டி வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டதுபோல. வெள்ளிக்கிழமை மாலை 'படம்' என்ற சொல்லைக் கூட்டிச் சொன்னாள். மூன்று எழுத்து. அவ்வளவுதான்.

சனிக்கிழமை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்துக்கொண்டே அவள் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் வரிசையாக மேசைகள். தெர்மகோல் மலை, ஐஸ் குச்சி வீடு, சரியான விடையைத் தொட்டால் பல்ப் எரியும் பலகை. எங்கள் மேசையில் நான் வெள்ளை அட்டைக் கட்டை எடுத்து வைத்தேன். தலைமையாசிரியர் ஒரு மஞ்சள் பையைப் பக்கத்தில் வைத்தார். உள்ளே பழைய அட்டைகள்.

பயிற்றுநர் மேடம் ஒரு கூட்டத்தையே அழைத்து வந்தார். "வீடியோல பாத்தீங்களே, இந்தப் பாப்பாதான்!" என்றவர், வெள்ளைக் கட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "இது இல்ல டீச்சர், கலர் கலரா இருக்குமே, அது எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பைக்குள் கை விட்டேன். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் விட்டேன்.

மரம், வண்டி, வீடு, குடை. ஒவ்வொன்றையும் அவள் கூவிச் சொன்னாள். கைதட்டல். எல்லார் கையிலும் போன். ஒரு வாரமாகத் தொங்கிப்போயிருந்த அவள் முகம் அப்படி மலர்ந்தது. நான் அடுத்தடுத்த அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் கலையும்போது, என் வயதுள்ள ஆசிரியை ஒருத்தி நோட்டோடு வந்தாள். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பள்ளி. "எத்தன பத்திரிக வேணும்ங்க? நானும் செஞ்சிடறேன். எங்க புள்ளைங்க ஒண்ணுகூட படிக்க மாட்டேங்குதுங்க."

அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் மஞ்சளைப் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது, அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

வெள்ளை அட்டைக் கட்டில் தேடி ஓர் அட்டையை உருவி என் மாணவியிடம் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அட்டையைத் திருப்பினாள். மறுபடி முன்பக்கம். உதட்டைக் கடித்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து மேசையில் பல்ப் எரிந்ததும் மிச்சமிருந்தவர்கள் அங்கே போய்விட்டார்கள். மேடமும் போனார்.

"ப... ட... ம்." பிறகு மெதுவாக, "படம்."

யாரும் கைதட்டவில்லை. நோட்டோடு நின்றவள் மட்டும் இருந்தாள். அவளிடம் சொன்னேன்: "பத்திரிக வேணாங்க. அட்ட எல்லாம் ஒரே நெறமா, ஒரே அளவா இருக்கட்டும். அப்பப்ப எழுத்த கையால மூடிட்டு காட்டிப் பாருங்க. அப்பவும் சொன்னாங்கன்னா, படிக்கலன்னு அர்த்தம்."

"அப்போ இந்தப் பொண்ணு?"

"இதுக்கு மூணு எழுத்து தெரியும்."

அதை என் மாணவி கேட்டுவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. தலைமையாசிரியர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவரும் என் பக்கம் திரும்பவில்லை. மேலே போய்ச் சேரும்வரை இருவரும் ஒரே ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

எங்களுக்குச் சான்றிதழ் வந்தது. அச்சிட்ட என் பெயர். அப்பா அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வீடியோவை இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏன் பாப்பா? நல்லாத்தான படிக்குது?"

நான் சாப்பிடப் போய்விட்டேன்.

மாறுதல் விண்ணப்பம் போட வேண்டிய நாள் வந்தது. பாறைமேல் நின்று படிவத்தை முழுக்க நிரப்பினேன், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியின் பெயரோடு. நான் போய்விட்டால், பதிவில் இருக்கிற அந்தப் பெண்தான் அடுத்து வருகிறவருக்குத் தெரிவாள். இங்கே உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாருக்கும் தெரியாது. தியாகம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் தப்பு என்னைக் கட்டிப்போட்டது, அவ்வளவுதான். அனுப்பும் பொத்தானை அழுத்தாமலே இறங்கி வந்தேன். சாயங்கால பஸ் கீழே போகிற சத்தம் அறைவரைக்கும் கேட்டது.

இப்போது கொடியில் வெள்ளை அட்டைகள் மட்டும் தொங்குகின்றன. காலையில் அவள் ஒன்றை எடுப்பாள். பழக்கம் விடவில்லை, திருப்பிப் பின்பக்க மூலையைப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. பிறகு முன்பக்கம் திருப்பி, சுட்டுவிரலை முதல் எழுத்தின் அடியில் வைப்பாள். நான் பாறைக்குப் போகாமல் பக்கத்திலேயே நிற்கிறேன். நேற்றோடு பதினோரு எழுத்து.