பத்து நிமிஷ வசனம், ஒரு புரட்டல்

வீட்டிலேயே தையல் போடுகிறவளுக்குக் கதவு கிடையாது. கதவு என்று ஒன்று இருக்கும், தாழ்ப்பாளும் இருக்கும், ஆனால் சாத்த முடியாது. சாத்தினால் அளவு பிளவுஸோடு வந்தவள் "அக்கா இல்ல போலகீது" என்று அடுத்த சந்துக்குப் போய்விடுவாள். அதனால் காலை ஒன்பது மணிக்கே என் வாசல் திறந்துவிடும். திறந்த வாசலில் யார் யார் நுழைவார்கள் என்பது, என்னைப் போல் வீட்டையே கடையாக்கிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததல்ல. ஓட்டுக் கேட்கிறவர்களை விரட்டியிருக்கிறேன். தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்கிறவர்களை விரட்டியிருக்கிறேன். ஆண்டவரைக் கொண்டுவருகிறவர்களை மட்டும் கடைசிவரை விரட்டத் தெரியவில்லை.

என் பெயர் பிலோமினா. இராயபுரத்தில் பிறந்து, இங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, இங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்ட கத்தோலிக்கப் பெண். வீடு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையின் முன்பாதியில் மிஷின். பின்பாதியில், ஒரு திரைக்கு அந்தப்புறம், என் வீட்டுக்காரர் அந்தோணி. ஹார்பரில் கன்டெய்னர் மேலே ஏறிக் கம்பி போட்டு இறுக்கும் வேலை. ஒரு மழை நாளில் கால் வழுக்கி விழுந்து முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, வலி மட்டும் இருந்தது. நாலு வருஷம் படுக்கை. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள்.

துணி இல்லாத கஸ்டமர்

முதல் தடவை அவர்கள் வந்தபோது நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டேன். வந்தது இரண்டு பேர். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், முழுக்கை வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. கூட வந்தவளுக்கு முப்பத்தைந்து. வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை, பிளவுஸ் தோளில் இழுத்துக்கொண்டு நின்றது. எவளோ தைக்கத் தெரியாதவளிடம் கொடுத்துக் கெடுத்திருக்கிறாள், இனிமேல் நமக்கு நிரந்தர கஸ்டமர் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். அவர் பிரதர் ஜான்சன், அவள் வசந்தி, எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் வீடு, வேறு ஒரு சபையிலிருந்து வீடு வீடாக ஊழியத்துக்கு வருகிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. "துணிய குடும்மா" என்று கையை நீட்டினேன். பிரதர் கஸ்டமர் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"துணி இல்ல சிஸ்டர், வார்த்தை கொண்டு வந்திருக்கோம்."

கண்ணுக்குத் தெரியாத பாத்திமா

மிஷினுக்கு மேலே சுவரில் மாதா சுரூபம் வைத்திருக்கிறேன். மூன்றாவது தடவை வந்தபோது பிரதருக்கு அது கண்ணில் பட்டது. "இந்தக் களிமண்ணுக்குக் காது கேட்குமா சிஸ்டர்?" என்றார். எனக்குக் கோபம் வந்தால் கத்தரிக்கோல் கையில் இருப்பது மறந்துபோகும். "களிமண்ணோ கல்லோ, அது எங்கூட்டுச் செவுத்துல கீது. ஒன்ன யாரு பாக்கச் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சுரூபத்தைப் பற்றி மூன்று வசனம், மெழுகுவத்தியைப் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் மூன்றாவது வசனத்தில் ஒரு பிளவுஸ் கையை மாற்றித் தைத்துவிட்டேன், அதைப் பிரிக்க அரை மணி நேரம் ஆனது.

அன்றைக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து பாத்திமா சுடிதார் வாங்க வந்து, புர்காவோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நா இங்கியே குந்திகினு கீறேன், என்னை ஒரு வார்த்த கேக்கலியே. ஏற்கெனவே ஏசுவக் கும்புட்றவள இஸ்துகினு எங்கக்கா போறாங்க?"

மாடி வீட்டு நாய்

மாடியில் குமாரண்ணன் தனியாக இருக்கிறார். ஹார்பரில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம். பிரதர் தட்டாமல் இருக்கட்டும் என்று படிக்கட்டில் "நாய் ஜாக்கிரதை" என்று ஒரு பலகை மாட்டினார். நாய் கிடையாது. அடுத்த செவ்வாய்க்கிழமை பிரதர் ஏறிப் போய்த் தட்டி, நாய் எங்கே என்று அக்கறையாக விசாரித்து, நாய் இல்லை என்றதும் பொய் சொல்லுவதைப் பற்றி இருபது நிமிஷம் பேசியிருக்கிறார். குமாரண்ணன் லுங்கியோடு கீழே வந்து என் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நைட்டெல்லாம் கிரேன் கத்துது, பகல்ல இவுரு கத்துறாரு. நா எப்பத்தான் தூங்குறது, நீயே சொல்லு தங்கச்சி."

யார் காரணம்

இதுவரை சிரித்தீர்கள் என்றால் சரி. இனிமேல் எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் காற்றில் திரை விலகி, உள்ளே படுத்திருந்தவரைப் பிரதர் பார்த்துவிட்டார். என்னைக் கேட்காமலே உள்ளே போய் அவர் நெற்றியில் கைவைத்துச் சத்தமாக ஜெபம் பண்ணினார். முடித்துவிட்டு "எழுந்து நட" என்றார். அந்தோணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் கால் பக்கம் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். அசையவில்லை. அசையாது என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள், அவருக்கும் தெரியும். தெரிந்த மனுஷனை அப்படிப் பார்க்க வைத்துவிட்டார்கள்.

நான் பிரதரின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். வாசலில் நின்று, சுவரிலிருந்த மாதாவையும் என் கழுத்து ஜெபமாலையையும் பார்த்துவிட்டு, கொஞ்சம்கூடக் கோபப்படாமல் அவர் சொன்னார்: "அவர் நடக்காததுக்குக் காரணம் முதுகெலும்பு இல்ல சிஸ்டர். இந்த வீட்ல விசுவாசம் இல்லாதவங்க ஒருத்தர் இருக்கீங்க."

காலைப் பிடித்தவள்

படுத்த படுக்கையாக ஆளை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வியாதி பெரிதல்ல, புண்தான் பெரிது. அந்தோணிக்கு இடுப்புக்குக் கீழே, முதுகு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். ஒருக்களித்துப் புரட்டி, அப்படியே பிடித்துக்கொண்டு, கழுவிக் கட்டு மாற்ற வேண்டும். அவர் நல்ல கனமான ஆள். பிடிக்க ஒருவர், கட்ட ஒருவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குமாரண்ணன் கை கொடுப்பார். மற்ற நாளில் நான் பெட்ஷீட்டை முறுக்கி இழுத்து, முட்டி போட்டுத் தாங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் கட்டுவேன். பாதிக் கட்டு புண்ணில் ஒட்டும், பாதி என் கையில் ஒட்டும்.

அப்படி ஒரு நாள் மல்லாடிக்கொண்டிருந்தபோது அவர்கள் மறுபடியும் வந்தார்கள். வெட்கம் கெட்டவர்கள் என்று திட்ட வாயைத் திறந்தேன். வசந்தி அதற்குள் பைபிளை என் மிஷின்மேல் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலருகே வந்துவிட்டாள். வீச்சம் தாங்காமல் பிரதர் வாசலிலேயே நின்றார். அவள் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. பிரதர் வாசலிலிருந்தே வசனத்தை ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்:

"வசனம் அப்பால பிரதர். அக்கா, நீ தோள புடி, கால நா புடிக்கிறேன்."

ரீட்டாக்காவின் இடுப்பு

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி அவர்கள் வருவது என்று ஆனது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வசந்தி காலைப் பிடிப்பாள், நான் கட்டு மாற்றுவேன், பிறகு பத்து நிமிஷம் பிரதர் வசனம் சொல்லுவார், நான் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்பேன். நான் நம்பாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு புரட்டல். நியாயமான வியாபாரம் என்றுதான் நினைத்தேன்.

கோவிலில் தெருவுக்கு ஒரு ஜெபக் குழு, அன்பியம் என்று பெயர்; எங்கள் தெரு அன்பியத்துக்குப் பொறுப்பு ரீட்டாக்கா. கோவிலிலிருந்து ஆரம்பத்தில் மாதம் தவறாமல் அந்தோணிக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்தார்கள், அப்புறம் திருநாளுக்குத் திருநாள் என்று ஆகி, அதுவும் நின்றது. நின்றதைக் கேட்க வராத ரீட்டாக்கா, இதைக் கேட்க வந்தாள். "அல்லேலூயாக்காரங்க வாரத்துக்கு ரெண்டு தபா ஒன் ஊட்டாண்ட நிக்கிறாங்க. நாளிக்கு கல்லறைல எடம்னு வந்தா பேஜாராயிடும் பிலோ" என்றாள். அது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மூத்த பிள்ளை எட்டு மாதத்தில் போனவன், அந்தக் கல்லறையில்தான் இருக்கிறான். என்னை அவனோடு போடு, வேறு ஒன்றும் வேண்டாம் என்று அந்தோணி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் ரீட்டாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ செவ்வாக்கெழம நீ வாக்கா. அரை மணி நேரம் கால மட்டும் புடிச்சிக்க. அவங்கள வர வேணாம்னு நானே சொல்லிட்றேன்."

ரீட்டாக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "எனுக்கு இடுப்பு வலிம்மா. ஜெபமாலைல ஒங்கள நெனச்சிக்கிறேன்."

ஆமா

வசனம் சொல்லும்போது நான் கவனிப்பதில்லை என்று பிரதருக்கு ஒரு நாள் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் வரிசையை மாற்றினார். முதலில் வசனம், பிறகு புரட்டல். வசந்தி ஏதோ சொல்லப் பார்த்தாள், அவர் முறைத்ததும் அடங்கிவிட்டாள். அவள் பிழைப்பும் அவர் சபையில்தானே. வசனமும் என்னை விட்டு அந்தோணி பக்கம் திரும்பியது. காலையிலிருந்து ஒரே பக்கமாகப் படுத்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் மனுஷனிடம், "ஏற்றுக்கொள்கிறீர்களா, மனம்திரும்புகிறீர்களா" என்று கேள்வி.

ஒரு வெள்ளிக்கிழமை நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து வரும்போது, அந்தோணி "ஆமா" என்பது காதில் விழுந்தது. பிரதர் "ஸ்தோத்திரம்" என்று கத்தினார். அன்றைக்கு வசனம் இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. அவர்கள் போனதும் நான் கட்டில் பக்கத்தில் நின்று கத்தினேன். மாதாவுக்கு முன்னால் கட்டிய தாலி ஞாபகம் இருக்கிறதா, பெரியவன் எங்கே படுத்திருக்கிறான் ஞாபகம் இருக்கிறதா என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். புண்ணோடு கிடக்கிறவரைப் பார்த்து அப்படிக் கத்தியதற்கு நான் இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. செய்யவும் தோன்றவில்லை. அவர் கத்தவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒழுங்காகப் புரட்டி விடப்பட்ட சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஆமான்னா சட்டுனு பொரட்டி வுட்றாங்க பிலோ. சொன்னா இன்னா கொறஞ்சி பூடப்போவுது?"

ஒரு கையெழுத்து

குறைந்துபோனது இதுதான். அந்த வெள்ளிக்கிழமை பிரதர் போனில் ஒரு படம் எடுத்திருக்கிறார். கட்டிலில் அந்தோணி, தலைமாட்டில் பிரதர், கீழே "இராயபுரத்தில் ஒரு ஆத்துமா" என்று எழுத்து. அது போன் போனாகச் சுற்றி ரீட்டாக்காவிடம் வந்து, அங்கிருந்து எங்கள் கோவில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்குப் போனது. ஆறு வாரம் கழித்து, புண்ணிலிருந்து காய்ச்சல் ஏறி, அந்தோணி ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

வீட்டில் ஐஸ் பெட்டி. பிரதர் ஒரு வெள்ளைத் துணியோடு வந்து, இவர் எங்கள் ஆத்துமா, எங்கள் முறைப்படிதான் அடக்கம் என்றார். குமாரண்ணன் அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவந்தார். அடுத்து பேரவையிலிருந்து செயலாளர் வந்து, இவர் எங்கள் ஆத்துமா இல்லையே என்றார். போனில் படத்தைக் காட்டினார். பெரியவனோடு வைக்க வேண்டுமானால், அந்த வார்த்தையைச் சொன்னபோது அவருக்குச் சுயபுத்தி இல்லை என்று மனைவி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சாகிற வாரம்கூட, ஹார்பர் பக்கம் ஊதும் சத்தத்தை வைத்து இது கப்பல், இது இழுவைப் படகு என்று பிரித்துச் சொன்ன மனுஷன். புத்தியோடுதான் சொன்னார், வலித்ததால் சொன்னார். அதை எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை. பெரியவனை நினைத்துக்கொண்டு, தையல் மிஷின் பலகையில் வைத்து, என் புருஷனுக்குப் புத்தி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரு ஃபார்மாலிட்டிதான்."

கேட்டுக்கு வெளியே

பெரியவனோடு வைத்தாகிவிட்டது. ஃபாதர் ஜெபம் சொன்னார், ரீட்டாக்கா நன்றாக அழுதாள். எல்லாரும் கலைந்து நான் வெளியே வரும்போது, கல்லறை கேட்டுக்குப் பக்கத்தில் மீன் வண்டிகள் நிற்கிற இடத்தில் வசந்தி நின்றுகொண்டிருந்தாள். பிரதர் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதையும் மீறி வந்திருக்கிறாள். உள்ளே வர எங்கள் ஆட்கள் விடவில்லை. அதே வெள்ளைச் சேலை, தோளில் இழுக்கிற அதே பிளவுஸ். அதைப் பிரித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. பரலோகம் பற்றியும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "பெட்டில மல்லாக்கவா பட்க்க வெச்சாங்க? அந்தப் புண்ணு அழுந்துமேக்கா."

இப்போதும் ஒன்பது மணிக்கு வாசலைத் திறந்துதான் வைக்கிறேன், ஆனால் கட்டில் காலியான வீட்டில் ஆண்டவருக்கு வேலையில்லை போலிருக்கிறது, எந்தச் சபையிலிருந்தும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.