இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மரம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர் கடலைப் பார்த்து நிற்கிறது. அதற்கு வருஷாவருஷம் சுண்ணாம்பு அடிக்கிறவன் நான். போன வருஷம் தமிழ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதில் ஒரு படம் வரையப் போகிறார்கள் என்றார். ஏதோ பழைய பாட்டில் வருகிற காட்சி. கடலில் போனவன் திரும்பவில்லை. ஒரு பெண் புன்னை மரத்தடியில் காத்து நிற்கிறாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பாட்டு எனக்குத் தெரியாது. அப்படி ஒரு பெண்ணைத் தெரியும். என் மதினி.

அண்ணன் போன வள்ளம் அதற்கு ஏழு வருஷம் முன்பு புயலில் கவிழ்ந்தது. கூடப் போன மூன்று பேரின் உடல்கள் ஒதுங்கின. அவனுடையது வரவில்லை. உடலைப் பார்க்காமல் இறந்தோர் பூசை வைக்க மதினி சம்மதிக்கவே இல்லை. அந்தச் சமயம் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. கல்யாணக் கார்டில் அப்பன் பெயருக்கு முன்னால் இறந்தவர் என்று காட்டும் சிலுவை போடுவதா வேண்டாமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அதன் பிறகுதான் மதினி தலையசைத்தாள். பூசைக்கு நாள் குறித்தாயிற்று.

டீச்சர் படத்தை இருபத்துநாலு துண்டாக வெட்டி, பின்னால் எண் போட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். சுவரில் கட்டம் போட்டு அதே எண்களைச் சாக்கட்டியால் எழுதியது நான். அவரவர் கட்டம் முடிந்ததும் செய்தித்தாள் ஒட்டி மூடிவைத்தார்கள். கடைசி நாள் மத்தியானம் எல்லாத் தாளையும் ஒன்றாக உரித்தார்கள்.

“ஏட்டி, கரையில கடலு ஏறிட்டு!” என்று ஒருத்தி கத்திச் சிரித்தாள்.

அடுத்தடுத்த இரண்டு எண்களை நான் மாற்றி எழுதியிருந்தேன். கரையில் நிற்க வேண்டிய புன்னை கடலுக்குள் போயிருந்தது. கீழ்க் கட்டத்து அலை அதன் அடியை மறைத்தது. கிளை பிரிகிற இடம் தோள்களாகத் தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் ஆள். இடது தோள் தாழ்ந்திருந்தது. வலை இழுத்து இழுத்து அண்ணனுக்கு அந்தத் தோள்தான் இறங்கிப்போயிருந்தது.

“மரத்தக் கோணலா வரஞ்சியா பிள்ளே?” என்று அதை வரைந்தவளிடம் கேட்டார் டீச்சர்.

“இல்ல டீச்சர், நேராத்தான் வரஞ்சேன். தாளப் பாருங்க.”

தாளில் மரம் நேராகத்தான் இருந்தது. பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணே, அந்தக் கட்டத்துல நீலத்த அடிச்சிருங்க,” என்று என்னிடம் சொல்லிவிட்டு டீச்சர் அவர்களை வகுப்புக்குக் கூட்டிப் போனார்.

நீலம் கலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் மீன் வாடை வந்தது. மீன் விற்றுவிட்டு மதினி திரும்புகிற வழி அதுதான். காலிச் சருவத்தைத் தலையிலிருந்து இறக்காமல் நின்றாள்.

“ஒங்க அண்ணன ஆரு அங்க கொண்டு நிப்பாட்டுனது?”

நான் யாரிடமும் நிமிர்ந்து பேசுகிறவன் அல்ல. “நம்பர மாத்திப் போட்டுட்டேன் மதினி. அது மரமாக்கும்.”

“மரத்துக்குத் தோளு எறங்குமா?”

பூசை இனி நடக்காது என்றே நினைத்தேன். மதினி சுவரருகே போனாள். வெயிலில் வெகுநேரம் நின்றாள்.

“ஏழு வருஷமா கூப்பிட்டுட்டே கெடந்தேன்லா,” என்றாள். என்னிடம் சொல்லவில்லை. “அதான் நிக்காரு. கரைக்கும் ஏற முடியல்ல, போவவும் முடியல்ல.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீலத்த அடி மக்கா. மொகத்த மட்டும் கடைசில அடி.”

அதுவரை நான் அங்கே முகம் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர்மட்டத்தில் தொடங்கி மேலே அடித்துக்கொண்டு போனேன். கழுத்தை எட்டியதும் எனக்கும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிரஷை இழுத்தேன்.

பூசை நடந்தது. கார்டில் சிலுவையும் வந்தது. அந்தக் கட்டத்தில் திரும்ப வரைய எந்தப் பிள்ளையும் முன்வரவில்லை. வெறும் நீலமாகவே இருக்கிறது. மதினி இன்றும் அந்த வழியேதான் மீனோடு போகிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை. நான்தான் சுற்றிப் போகிறேன்.