சுவைலிம் பாறைப் பாலத்தில் ஏறிய கதை

என் சித்தப்பா மகன் சுவைலிமுக்கு எதைக் கண்டும் பயமில்லை என்று எங்கள் வாதி ரம் பாலைவனம் முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான். பாதி உண்மையும்கூட. செங்குத்தான மணல்மேட்டில் பழைய பிக்கப் வண்டியை ஏற்றி, மறுபக்கம் அப்படியே சறுக்கிவிடுவான்; பின்னால் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் தெய்வத்தைக் கூப்பிடுவார்கள். கூடாரத்துக்குள் புகுந்த கொம்பு விரியனைக் கம்பால் தூக்கி வெளியே போட்டுவிட்டு, விட்ட ரொட்டியை வந்து தின்பான்.

ஆனால் தரையிலிருந்து காலை எடுக்கச் சொன்னால் மட்டும் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். ஒட்டகத்தில் ஏற மாட்டான், முதுகுவலியாம். மாடியில் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் அன்றைக்கென்று பார்த்து அகபா நகரத்தில் அவனுக்கு அவசர வேலை வரும். அவன் மனைவி நுவைர் ஏணி வைத்து ஏறி, குழாயைக் கழற்றி ஊதிவிட்டு இறங்குவாள்.

இப்படிப்பட்டவனுக்குப் பிழைப்பு என்னவென்றால், பாறை வளைவுகளைக் காட்டுவது. உம் ஃப்ரூத் என்ற இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வருகிற எல்லோரும் அதன் மேல் ஏறி நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். சுவைலிம் கீழே நிழலில் கெட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "நீங்க மேல வரலையா?" என்று யாராவது கேட்டால், "தேநீர் பொங்கிடும்" என்பான். அந்தக் கெட்டில் இதுவரை ஒருநாளும் பொங்கியதில்லை.

போன வசந்த காலத்தில் ஆஸ்திரியாவிலிருந்து வால்ட்ராவுட் என்ற அம்மாள் தன் தோழிகளோடு வந்தார். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். சுவைலிம் வண்டியில் வந்து, மணல்மேட்டில் அவனுடைய சாகசத்தையும் பார்த்துவிட்டு, பாலத்தின் மேல் விறுவிறுவென்று ஏறினார். நடுவில் போய்க் கீழே குனிந்து பார்த்தார். அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தோழிகள் படம் எடுத்து முடித்துக் கூப்பிட்டார்கள். அசையவில்லை. கையைப் பிடிக்கப் போனால் கத்தினார். கடைசியில் மேலிருந்து அந்த அம்மாளின் குரலே வந்தது: "அந்த டிரைவரைக் கூப்பிடுங்க! அவருக்குத்தான் பயமே கிடையாது!"

நானும் அவனைப் போல வண்டி ஓட்டுகிறவன்தான்; அன்று என் பயணிகளோடு அங்கேதான் இருந்தேன். சுவைலிம் என் பக்கம் திரும்பினான். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"ஃபாலிஹ், நீ போயேன்பா."

"கால்ல கட்டுப் போட்டிருக்கறதைப் பாத்தியா இல்லையா?" என்றேன். முந்தின வாரம்தான் ஒரு பெண்கள் குழுவுக்கு முன்னால் பாறையிலிருந்து குதித்துக் காட்டிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஒட்டகக்காரங்க யாராவது வரட்டும்."

"அதுக்குள்ள அந்தம்மா காய்ஞ்சு கருவாடாயிடும். உன்னைத்தானே கேக்குது? போ, வீரா."

"தேநீரு..."

"தேநீரை நான் பாத்துக்கறேன். நீ ஏறு."

அங்கியின் கீழ்ப்பகுதியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிஸ்மில்லா. பாதி தூரத்துக்கு மேல் கால்கள் போதவில்லை, கைகளையும் ஊன்றிக்கொண்டான். என் வண்டியில் வந்தவர்கள், "இதுதான் பாலைவனத்துப் பெதுவின் மக்கள் ஏறுற முறை போல" என்று பேசிக்கொண்டார்கள். நான் சிரிப்பை அடக்கக் கெட்டில் மூடியைத் துடைத்தேன்.

நடுவுக்குப் போய்ச் சேர்ந்தவன், அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டான். இப்போது மேலே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே நடந்ததைப் பிறகு அந்த அம்மாளே சொன்னார். திரும்பிப் பார்த்தாராம். நெற்றியில் வேர்வை, கடித்த பல், பாறையைப் பிடித்த விரல்கள். ஆயுள் முழுக்கத் தன் நாற்காலியில் பார்த்த முகம் அது!

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"ரொம்ப, டாக்டரம்மா," என்றானாம் சுவைலிம். வாழ்நாளில் முதல்முறையாக.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு நடுக்கம் நின்றுவிட்டது. எதிரே ஒரு நோயாளி வந்தாயிற்று; வைத்தியர் நடுங்கினால் எப்படி? "மூக்கு வழியா மூச்சு விடுங்க. கால் விரலை ஆட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் கீழ பாக்காதீங்க," என்று கண்டிப்பான குரலில் ஆரம்பித்துவிட்டார்.

கீழிருந்து நாங்கள் பார்த்தது இதுதான்: அம்மாள் முன்னால், சுவைலிம் பின்னால், இருவரும் உட்கார்ந்தபடியே அங்குலம் அங்குலமாக நகர்ந்து வருகிறார்கள். அவன் கை அவருடைய பையின் வாரை விடவே இல்லை. மணலில் கால் பட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். தோழிகள் அவனைக் கட்டிக்கொள்ளாத குறை.

"இவர் வரலேன்னா நான் இன்னும் அங்கதான் இருந்திருப்பேன்," என்றார் அம்மாள்.

சுவைலிம் வாயைத் திறந்தான். சும்மா இருந்திருந்தால் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் கதைவிட்டிருக்கலாம். "இல்ல," என்றான். "அவங்கதான் என்னை இறக்கிக் கூட்டிட்டு வந்தாங்க." பிறகு மணலில் உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த தேநீரைச் சூட்டோடு ஒரே மூச்சில் குடித்தான்.

அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் பங்கு அதில் கொஞ்சம் உண்டு. வழியில் கண்டவர்கள் எல்லாம் அவனைப் பார்த்துக் கால் விரலை ஆட்டிக் காட்டினார்கள். நுவைர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவா? நடு வரைக்கும் போனீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்," என்றான்.

"மூடிக்கிட்டா என்ன, போனீங்கல்ல?" என்றாள். அதற்கு மேல் அவனைச் சீண்ட எனக்கு மனம் வரவில்லை, அதாவது, அன்றைக்கு.

இப்போது நிலைமை வேறு. பயந்த சுபாவக்காரர்கள் யாராவது வந்தால், மற்ற டிரைவர்களே அவன் வண்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். "எனக்கும் பயம்தான், வாங்க, உக்காந்தே போவோம்," என்பான். பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. நுவைர் மாதம் ஒரு அங்கிக்குப் பின்பக்கம் ஒட்டுப் போடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவளையும் என்னையும் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவள் தன் சமையலறையில் நடப்பது போல மேலே நடந்து போய், விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். இவன் தவழ்ந்து வந்து, அவள் சட்டைக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"கண்ணைத் திறந்து பாருங்க. மணல் எல்லாம் எப்படிச் சிவந்து கிடக்கு!"

"நீ பாத்துச் சொல்லு," என்றான் சுவைலிம். "நான் கேட்டுக்கறேன்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் கீழே வெகுநேரம் காத்திருந்தேன். இருவரும் இறங்குகிற வழியாக இல்லை.