நாலு மணி லொறி

ஆடு வாங்குவதில் எங்கள் சித்தப்பாவை மிஞ்ச மொன்றியலில் ஆள் இல்லை என்பது சித்தப்பாவின் சொந்த அபிப்பிராயம். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை அவருக்கு. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் பண்ணைக்குப் போய் ஆடு பார்த்து வாங்கி, வெட்டுவித்து, எட்டு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதைத்தான் தன் உண்மையான உத்தியோகமாக நினைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, வழக்கமாக ஆடு தருகிறவர் பண்ணையை விற்றுவிட்டார். தீபாவளிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. எட்டு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று.

நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூரில் விவசாயக் கண்காட்சி நடக்கிறது என்று யாரோ சொல்ல, அப்பாவும் சித்தப்பாவும் என்னையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். பாசம் மட்டும் காரணமல்ல. வீட்டில் ஒழுங்காகப் பிரெஞ்சு பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அங்கே பூசணிக்காய்க்கும் கோழிக்கும்கூட நாடா குத்திப் பரிசு கொடுத்திருந்தார்கள். சித்தப்பா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாமி கும்பிடாமல் நேரே அன்னதானப் பந்திக்குப் போகிறவர் மாதிரி ஆட்டுக் கொட்டிலுக்குப் போனார்.

கழுத்தில் நீல நாடாவுடன் ஒரு மண்ணிறக் கிடாய் நின்றது. என் வயதுச் சிறுமி ஒருத்தி அதற்குத் தூரிகையால் மயிர் வாரிக்கொண்டிருந்தாள். சித்தப்பா அதன் முதுகெலும்பைத் தடவினார், தொடையை அமுக்கினார். அவர் ஆட்டைக் கொஞ்சுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

"நல்ல சாமான் அண்ணை, கொழுப்பில்லை," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, விக்கினமோ எண்டு கேள்."

கேட்டேன். ஆட்டின் பெயர் காரமெல் என்றாள். புட்டிப்பால் கொடுத்துத் தானே வளர்த்தாளாம். விற்கத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள், விற்காமல் மிஞ்சுகிற ஆடுகளை ஏற்றிப்போக நாலு மணிக்கு லொறி வந்துவிடும், அதற்குள் யாராவது வாங்கினால் நல்லது என்றாள். பிறகு, "உங்கள் வீட்டில் புல் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். அங்கே ஆட்டுக்கு இருந்த ஒரே இடம் குளிர்ப்பெட்டி.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

"விக்கமாட்டினமாம் சித்தப்பா. பாக்கிறதுக்கு மட்டும்தானாம்."

அவளிடம், சித்தப்பாவுக்கு வேண்டாமாம் என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றேன். அவள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன்.

நாங்கள் வெளியேறும்போது வாசலில் ஒரு லொறி உள்ளே திரும்பியது. காரமெலை வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறது என்று அதற்குக் கை காட்டினேன். "எட்டு வீட்டுக்கும் என்னத்தைச் சொல்லப்போறன்?" என்று வழி முழுவதும் புலம்பினார் சித்தப்பா. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் ஒரு உயிரைக் காப்பாற்றியவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் ஜான்-டலோன் சந்தைப் பக்கத்து இறைச்சிக் கடையில் வாங்கித்தான் அவர் மானத்தைக் காப்பாற்றினார். தீபாவளியன்று பயந்து பயந்து ஒரு துண்டை வாயில் வைத்தவரின் முகம் மலர்ந்தது.

"இளங்கிடாய் அண்ணை. ஆரோ நல்லாப் பாத்து வளத்திருக்கினம்."

நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். காரமெல் இந்நேரம் எங்கேயோ புல் மேய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபடியே எலும்பையும் உறிஞ்சினேன்.