அத்தா கொழும்பில் இருந்த பன்னிரண்டு நாட்கள்

"என் பாஸ்போர்ட் எங்க இருக்கு?" என்று அத்தா கேட்டபோது அம்மா ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். சரக்குக் கிடங்கான பாண்டிகசாலைக்குப் போன மனிதர் போன வேகத்திலேயே திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றார். வளைகுடா நாட்டுக்குப் போகலாம் என்று மூன்று வருடங்களுக்கு முன் ஒரு யோசனை வந்து, அதற்காக எடுத்த பாஸ்போர்ட் அது. யோசனை போய்விட்டது, ஒரு முத்திரையும் விழாத அந்த நீலப் புத்தகம் ரேஷன் கார்டோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. எதற்கு என்று அம்மா கேட்டார். "கொழும்புக்கு" என்றார் அத்தா. அம்மா சட்டியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆப்பம் தீய்ந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எண்பத்தேழாம் வருடம், சித்திரை மாதம். முந்தின நாள் மாலை, கொழும்பில் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்திருந்தது. வேலை விட்டு ஜனங்கள் வீடு திரும்புகிற நேரம். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று வானொலி ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வோர் எண்ணைச் சொன்னது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் எங்களைப் போலத் தமிழ் பேசுகிற குடும்பங்களுக்கு அந்த ஊர்ச் செய்தி எப்போதும் வேறு மாதிரிதான் காதில் விழும். நான்கு வருடங்களுக்கு முன் அங்கே தமிழர்களின் கடைகள் எரிந்தபோது அத்தாவின் பழைய சிநேகிதர்கள் சிலர் உடுத்த துணியோடு இராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அதனால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பேருந்து நிலையச் செய்தியைக் கேட்டதும் எங்கள் தெருவில் ஒருவர், "அவங்களுக்கும் தெரியட்டும்" என்றார். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். எனக்கும் உள்ளுக்குள் அப்படி ஏதோ ஒன்று ஓடியது என்பதை மறைக்கக் கூடாது.

அத்தா இளவயதில் பன்னிரண்டு வருடம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு மட்டாஞ்சேரி பஜாரில் மஞ்சள் தரகரானார். ஒரு விரலி மஞ்சளை ஒடித்து, உள்ளே நிறத்தைப் பார்த்து, எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அவரிடம் வருடத்துக்கு இரண்டு முறை சரக்கு எடுக்க வருகிறவர்களில் ஒருவர் கொழும்புக்காரர். நாங்கள் அவரை அப்படித்தான் சொல்வோம். சிங்களவர். கடைத்தெருவில் பழகிய தமிழ் பேசுவார். அத்தாவை "நானா" என்று கூப்பிடுவார். அந்த ஊரில் முஸ்லிம் ஆண்களை அண்ணா என்பதற்குப் பதில் அப்படித்தான் அழைப்பார்களாம். இருவரும் பெரிய சிநேகிதர்கள் என்று சொல்ல முடியாது. சரக்கு விஷயத்தில் ஒவ்வொரு முறையும் சண்டை. ஒருமுறை ஈர மஞ்சளைத் தலையில் கட்டிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு ஒரு வருடம் வேறு தரகரிடம் போனவர் அவர்.

குண்டு வெடித்த அன்று அவர் மட்டாஞ்சேரியில்தான், பஜார் ரோட்டில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். மறுநாள் காலை பாண்டிகசாலைக்கு டிரங்க் கால் வந்தது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரி வேலை முடிந்து, பள்ளிக்கூடத்திலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு, பேருந்துக்காக நின்றிருக்கிறார். மனைவி அங்கேயே இறந்துவிட்டார். பதினேழு வயது மகள் காலில் காயத்தோடு ஆஸ்பத்திரியில். கேட்டுக்கொண்டே இருந்தவர் ரிசீவரை வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார் என்றும், அத்தாதான் அதை வாங்கி வைத்தார் என்றும் பாண்டிகசாலைக் கணக்கர் பிறகு சொன்னார். அவரால் தனியாகப் படியிறங்கக்கூட முடியவில்லை. "நானா, எனக்கு வீட்டுக்குப் போற வழி மறந்துபோச்சு" என்றாராம், தமிழில்.

அன்று காலை எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் அதிகம் பேசியது நான்தான்.

"இந்த நேரத்துல அங்க போனா, தமிழ் பேசுற ஆளுன்னு தெரிஞ்சா உங்கள விடுவாங்களா அத்தா?"

"எனக்குச் சிங்களம் தெரியும் மோளே."

"எண்பத்து மூணுல என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? உங்க கூட்டுக்காரங்க கடைய எரிச்சது அவங்கதானே?"

அத்தா சட்டைகளை மடித்து ரெக்சின் பையில் வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "மறக்கல. அத இந்த மனுஷனா செஞ்சாரு? அவர் பொண்டாட்டியா செஞ்சா?"

அம்மா அழுதுகொண்டே, "நோம்புக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லீங்க" என்றார். வேறு காரணம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அதுக்குள்ள வந்துருவேன். வரலைன்னா அங்க பிடிச்சுக்கறேன்" என்றார் அத்தா. வாசலில் டாக்சி நின்றது. பின்சீட்டில் கொழும்புக்காரர் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, சொல்லி உட்காரவைத்த பள்ளிப்பிள்ளை மாதிரி இருந்தார். அம்மா ஒரு பாட்டிலில் பாலில்லாத கட்டஞ்சாயா ஊற்றிக்கொண்டு போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார்; எதற்கு என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். தோப்பும்படி வழியாகத் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விமானம். அத்தா அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை.

அதன் பிறகு காத்திருப்பு. "சேர்ந்தோம், நலம்" என்று நான்காம் நாள் ஒரு தந்தி வந்தது. அவ்வளவுதான். பஜாரில் சிலர் அம்மாவின் காதுபடவே பேசினார்கள். போயும் போயும் அவங்க வீட்டுச் சாவுக்கா என்றார் ஒருவர். இவருக்குச் சரக்கு போக வேண்டுமே, அதனால்தான் போயிருக்கிறார் என்றார் இன்னொருவர். வானொலியில் கொழும்பு என்ற வார்த்தை வரும்போதெல்லாம் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். நோன்பும் தொடங்கியது. முதல் நாள் மாலை நோன்பு திறக்கப் பாங்கு சொன்னபோது எங்கள் பாயில் அத்தாவின் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

பன்னிரண்டாம் நாள் படகு ஜெட்டியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். இளைத்திருந்தார். அம்மா ஆயிரம் கேட்டார். "அடக்கம் முடிஞ்சுது. புள்ளை பொழச்சுக்கிட்டா. கால் கொஞ்சம் இழுக்கும்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல பாண்டிகசாலைக்குப் போய்விட்டார். பேசியவர்களிடமும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

மீதியை நான் தெரிந்துகொண்டது ஒரு வருடம் கழித்து. கொழும்புக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கைத்தடி ஊன்றி, ஒரு காலை மெல்ல இழுத்து நடந்தாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது பள்ளிக்கூட ஆங்கிலம்தான். மொட்டைமாடியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லையா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, அவள்தான் சொன்னாள்.

சாவு வீட்டில் கொழும்புக்காரர் அத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தமிழில் புலம்பியிருக்கிறார். அத்தாவும் தமிழில் ஏதோ ஆறுதல் சொல்லியிருக்கிறார். இறந்தவருடைய அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். இந்தப் பேச்சு இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது, இந்த ஆளை யார் உள்ளே விட்டது என்று சத்தம் போட்டிருக்கிறார். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அத்தா அவருக்குச் சிங்களத்தில் பதில் சொன்னாராம்: "சரி, நான் வெளியே இருக்கிறேன். வேலை இருந்தால் கூப்பிடுங்கள்." போய் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். சாவு நடந்த தெருவில் வெள்ளைக் கொடி கட்டுவது அவர்கள் வழக்கம். கயிறு கட்டத் தடுமாறிக்கொண்டிருந்த பையன்களுக்கு ஏணியைப் பிடித்திருக்கிறார். பிறகு தானே ஏறிக் கட்டியிருக்கிறார். வெயிலில் அன்று முழுவதும் அந்தத் தெருவில் இருந்தார். அழைக்காமல் அவர் உள்ளே போகவில்லை, ஊருக்கும் கிளம்பவில்லை.

இதெல்லாம் அவள் பிறர் சொல்லிக் கேட்டது. அடுத்ததை அவளே கண்ணால் பார்த்தாள். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தால் மகளின் காலைப் பார்த்து மயங்கி விழுந்துவிடுவார் என்பதால், பகலெல்லாம் வார்டில் அவள் கட்டிலருகே இருந்தது அத்தாதான். மருந்து வாங்கி வந்தார், டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னார், அவள் அழுதபோது விசிறினார். சாவு வீட்டில் சத்தம் போட்ட அவளுடைய மாமாவும் தினமும் வருவார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்காருவார். அத்தாவோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் மாமா கொண்டுவந்த சோற்றை அவள் அத்தாவுக்கும் கொடுக்கச் சொன்னாள். அத்தா வேண்டாம் என்று தலையசைத்தார். தண்ணீரும் குடிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரப் பெண்தான் சொன்னாள், இன்று அவர்களுக்கு முதல் நோன்பு என்று.

மாமா எழுந்து போய்விட்டார். மாலையில் திரும்பி வந்தவர் ஜன்னலோரம் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எங்கோ தூரத்தில் பாங்கு கேட்டது. வெட்டிய செவ்விளநீர் ஒன்றும், காகிதப் பொட்டலத்தில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து அத்தாவின் முன்னால் நீட்டினார். மாமாவுக்குத் தமிழ் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானா, நேரம் சரி. குடிங்க."

அத்தா பாதியைக் குடித்துவிட்டு இளநீரை அவரிடமே நீட்டியிருக்கிறார். அவர் வாங்கி, மிச்சத்தைக் குடித்தாராம்.

அத்தாவின் அன்றைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். களமசேரியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். பெரிய பதவிக்காரர்களையும் தைரியசாலிகள் என்று பெயர் எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். யாருடைய மகள் என்று என்னைக் கேட்டால், மட்டாஞ்சேரியில் மஞ்சள் தரகர் ஒருவர் இருந்தாரே, அவருடைய மகள் என்று இன்றும் தலை நிமிர்ந்து சொல்கிறேன். அன்று மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து, "இதையெல்லாம் ஏன் எங்ககிட்ட சொல்லல அத்தா?" என்று கேட்டேன். என் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"இதுல சொல்ல என்ன இருக்கு மோளே? ரெண்டு பேருக்கும் தாகமா இருந்துச்சு, குடிச்சோம்" என்றார்.