சாயத்தண்ணி குடித்த நோயாளி

கிண்ணியா ஸெய்னுதீனின் டிராக்டருக்கு முன்னால் மண் அள்ளும் இரும்புப் பக்கெட் ஒன்று பூட்டியிருந்தது. மண் அள்ளிய நேரத்தைவிட அதைத் திருத்திய நேரமே அதிகம். பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை வெட்டி அதற்குப் பல் ஒட்டினான். கட்டில் அவ்வளவு பழையதல்ல என்பது அவன் மனைவி றம்லாவின் கட்சி.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஆசனத்தில் இருந்து பார்த்தால் பக்கெட் மட்டமாக இருக்கிறதா, சரிந்திருக்கிறதா என்று தெரியாது. பாதி மண் ரோட்டில் கொட்டும். ஆஸ்பத்திரியில் நோயாளர் பராமரிப்பு பழகிய றம்லா, தட்டையான மருந்துப் போத்தல் ஒன்றைக் கொடுத்தாள். அதில் பாதிக்குச் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், ஊற்றி, பக்கெட்டின் ஓரத்தில் படுக்க வைத்துக் கம்பியால் கட்டினான். சாயம் ஒரு பக்கம் ஓடினால் பக்கெட் சரிவு. வெறும் தண்ணீர் தூரத்துக்குத் தெரியாது.

அந்த மாரியில் கடைக்கார ஜெமீல் ஹாஜியார் வழுக்கி விழுந்து கால் முறிந்தார். ஆள் பெரிய உடம்பு. சேற்றில் கார் வராது. றம்லா காலுக்குப் பலகை வைத்துக் கட்டி, பக்கெட்டில் மெத்தை விரித்து அவரைக் கிடத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் படகேறும் துறையடி போகும்வரை கால் ஆடக்கூடாது, ஆடினால் எலும்பு விலகிவிடும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நடந்தாள்.

பாதி வழியில் ஸெய்னுதீன் பார்த்தான். பக்கெட் ஓரத்தில் சாயமே தெரியவில்லை. எல்லாம் மற்றப் பக்கம் ஓடிவிட்டது போலும் என்று நினைத்துப் பக்கெட்டைப் பின்னுக்குச் சாய்த்தான். இன்னும் சாய்த்தான். ஹாஜியாரின் முழங்கால் தாடிக்கு வந்தது.

“நிப்பாட்டுங்க!” என்றாள் றம்லா. “போத்தல் எங்க ஹாஜியார்?”

“கையில இருக்கு புள்ள. தாகமா இருந்திச்சி, கம்பியக் கழட்டிக் குடிச்சிட்டன். சீனி காணாது.”

றம்லா பக்கெட்டை இறக்கச் சொல்லி, கட்டைத் தடவிப் பார்த்தாள். கால் தப்பியிருந்தது.

“இனி நீங்கதான் போத்தல்,” என்றாள். “தல தாழ்ந்தா வாப்பா எண்டு கூப்பிடுங்க. கால் தாழ்ந்தா உம்மா எண்டு கூப்பிடுங்க.”

துறையடி வரைக்கும் ஹாஜியார் வாப்பாவையும் உம்மாவையும் மாறி மாறிக் கூப்பிட்டார். ஸெய்னுதீன் சத்தம் கேட்டுத் திருத்திக்கொண்டே ஓட்டினான். படகுக்காரர்கள் அதை ஒப்பாரி என்று நினைத்து, பாவம், இரண்டு பேரும் ஒரே நாளிலா மௌத்தானார்கள் என்று விசாரித்தார்கள்.

எலும்பு விலகாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாளே ஸெய்னுதீன் புதுப் போத்தல் கட்டினான். றம்லா அதில் வேப்பெண்ணெய் ஊற்றினாள்.